நோயுற்றார்க்குத் துணைநிற்றலும் தவமே



தவம் பன்னிரண்டு வகைப்படும் என்பதை நாம் இளமையிலேயே பாடம் செய்திருக்கிறோம். புறத்தவம் ஆறு, அகத்தவம் ஆறு. புறத்தவத்தின் தலையில் நிற்பது உண்ணாநோன்பு. நம் இல்லங்களில் தவம் என்றதும் நினைவுக்கு வருவதும் அதுவே. சதுர்த்தசியன்று யார் உபவாசம், தசலட்சண பருவத்தில் யார் எத்தனை நாள் என்று ஒருவரையொருவர் விசாரித்து மகிழ்கிறோம். ஆனால் அகத்தவம் ஆறனுள் மூன்றாவதாக வைக்கப்பட்டுள்ள வையாவிருத்தியத்தை, அதாவது நோயுற்றாரையும் தளர்ந்தாரையும் அருகிருந்து பேணுவதை, இந்த மாதம் யார் செய்தார் என்று எவரும் எவரையும் விசாரிப்பதில்லை.

இதனை எழுத நமக்குத் தகுதி உண்டா என்று முதலில் தயங்கினோம். ஏனெனில் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு, கடலூரில் வாழும் நம் சமூகத்து மூதாட்டி ஒருவரை, எழுபதைக் கடந்தும் உபவாசம் விடாதவர் என்று பலர் கூடியிருந்த இடத்தில் வாயாரப் புகழ்ந்தோம். அவருக்கு நீரிழிவு உண்டென்பது நமக்குத் தெரியும். தெரிந்தே புகழ்ந்தோம். அடுத்து வந்த சதுர்த்தசியன்று அவர் காலையில் வழக்கமான மாத்திரையை மட்டும் சிறிது நீருடன் விழுங்கிவிட்டு, அன்று முழுதும் உண்ணாதிருந்தார். பொழுது சாய்ந்தபின் உடல் வியர்த்தது; கை நடுங்கியது; பேச்சுக் குழறியது. மருமகள் சர்க்கரை கரைத்த நீரை எடுத்து வந்தபோது, இருட்டிவிட்டது என்று சைகை காட்டி உதட்டை இறுக மூடிக்கொண்டாராம். சற்று நேரத்தில் நினைவிழந்தார். மருத்துவமனையில் நரம்பின் வழியே குளுக்கோஸ் ஏற்றிய பின்னரே கண் விழித்தார். நாம் பார்க்கச் சென்றபோது, பிழைத்தெழுந்ததை எண்ணி மகிழாமல், "நோன்பு முறிந்துபோயிற்றே, ஐயா" என்று அழுதார். அந்த அழுகையைக் கேட்டபின் நாம் பேசிய புகழுரை நமக்கே கசந்தது.

நேர்ந்தது என்ன என்பதை மருத்துவர் விளக்கினார். நீரிழிவு மாத்திரைகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை, நாம் உண்டோமா இல்லையா என்று பாராமல் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வன. உணவு வருமென்று எண்ணிப் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசியும் அவ்வாறே. உணவு வராவிடில் இரத்தத்தில் உள்ள சர்க்கரை தாழ்ந்துகொண்டே போகும். அது 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் காலம் தாழ்த்தலாகாது. நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோர்க்கு இவ்வச்சம் குறைவு. டாபாகிளிஃப்ளோசின் முதலான பிற்கால மாத்திரைகளை உண்போர் நோன்பிருப்பதில் வேறோர் ஆபத்து உண்டு. உடல் நீர் வற்றி, இரத்தத்தில் அமிலம் மிகுந்துவிடக்கூடும். இவற்றுக்கெல்லாம் அஞ்சி, நோன்பு நாளில் இன்சுலினைத் தாமே நிறுத்திவிடுவதும் பிழை. இளமையிலேயே இன்சுலின் சுரப்பு அற்றுப்போனவர்க்கு அது உயிருக்கே உலையாகும்.

இது எங்கோ ஒரு வீட்டில் நிகழ்ந்த செய்தி என்று ஒதுக்குவதற்கில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கணக்கிட்டது. கடலூருக்கு அண்டையிலுள்ள புதுச்சேரியில் வயது வந்தோருள் நூற்றுக்கு 26 பேர் என்றது அதே ஆய்வு. நம் குடும்பங்களில் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு ஒருவரேனும் இருப்பர்.

இப்பொழுது நம் மரபில் நோயுற்ற துறவியர் இருவரை நினைத்துப் பார்ப்போம்.

ஒருவர் ஆச்சாரிய சமந்தபத்திரர். அவரைப் பஸ்மகம் என்னும் நோய் பற்றியது. எவ்வளவு உண்டாலும் அது சாம்பலானாற்போல் அற்றுப்போய், மீண்டும் பசி மூளும். துறவிக்குரிய அளவான உணவால் அந்நோயைத் தாங்க இயலாது. ஆகவே சல்லேகனை ஏற்க ஆணை தருமாறு குருவை வேண்டினார். குருவோ மறுத்தார். துறவுக் கோலத்தைச் சிலகாலம் விலக்கி வைத்து, நோய் தணியும் வகையில் உண்டு, உடல் நலமுற்ற பின் மீண்டும் தீக்கை பெறுக என்று பணித்தார். அவ்வாறே செய்து, நோய் நீங்கி, மீண்டும் துறவு பூண்டார் சமந்தபத்திரர். இல்லறத்தார்க்கு ஒழுக்கநூலாக விளங்கும் ரத்னகரண்டக சிராவகாசாரம் அவர் பெயரால் வழங்குவது. அதன் வழியில் நின்றே தமிழில் அருங்கலச்செப்பு எழுந்தது. அந்நூல் சல்லேகனைக்கு உரிய நிலைகளைக் கூறுமிடத்தில் நோயையும் கூறுகிறது. ஆனால் மாற்று ஏதும் இல்லாத நோய் என்று வரையறுத்தே கூறுகிறது. நீரிழிவு மாற்று இல்லாத நோயன்று. மருந்தை வீசியெறிந்துவிட்டு அதற்குத் தவம் என்று பெயர் சூட்ட நூலில் இடமில்லை.

மற்றவர் நம் கடலூரில் வாழ்ந்தவர். இன்றைய திருப்பாதிரிப்புலியூரே பழைய பாடலிபுத்திரம். சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், சர்வநந்தி முனிவர் லோகவிபாகத்தை இயற்றிய புகழ் அவ்வூருக்கு உண்டு. பிற்காலத்தில் அங்கிருந்த பள்ளியில் தலைமை பூண்டிருந்தார் தருமசேனர். அவரைச் சூலை நோய் வருத்தியது. உடனிருந்தோர் மந்திரம் ஓதினர், மயிற்பீலியால் தடவினர், நோய் தணியவில்லை என்கிறது பெரியபுராணம். அவர் தமக்குச் சமைத்துத் தந்தவரை அனுப்பித் தமக்கையார் திலகவதியாருக்குச் செய்தி சொன்னார், பின்னர் இரவோடு இரவாகத் திருவதிகைக்குப் போனார், திருநாவுக்கரசர் ஆனார். அது சைவப் பெரியார் ஒருவர் தம் சமயக் கண்கொண்டு பாடிய வரலாறு. அதனோடு வழக்காடுவது நம் நோக்கமன்று. அந்தக் கதையில் ஓரிடம் மட்டும் நம் நெஞ்சைத் தைக்கிறது. கல்வியும் தலைமையும் வாய்ந்த ஒருவர், வலி பொறுக்கமாட்டாத இரவில், தம்மைச் சூழ்ந்திருந்த அத்தனை பேரையும் விட்டு, ஒரு சமையற்காரர் வாயிலாக உடன்பிறந்தாளைத் தேடினார்.

ஒருவர்க்குச் சரியான சொல்லைச் சொல்லும் குரு வாய்த்தார். மற்றவர்க்கு வாய்க்கவில்லை.

சமந்தபத்திரர் வரலாற்றை அம்மூதாட்டியிடம் சென்று சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "ஆச்சாரியருக்கு நோய் தீர்ந்தது, திரும்பி வந்துவிட்டார். எனக்கு இது தீராத சர்க்கரை ஆயிற்றே. நான் எப்போது திரும்புவேன், ஐயா?"

உடனே விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. வீடு திரும்பி நூல்களைப் புரட்டிய பின்னரே, விடை நாம் பாடம் செய்த பட்டியலிலேயே இருப்பதைக் கண்டோம். புறத்தவம் ஆறனுள் உண்ணாநோன்பு ஒன்றே. அதற்கு அடுத்து நிற்பது குறைத்துண்டல். நான்காவது சுவை துறத்தல். பால், தயிர், நெய், எண்ணெய், வெல்லம், உப்பு இவற்றுள் இயன்றதை விடுவது. நீரிழிவுற்றவர் நாள்தோறும் மருத்துவர் சொற்படி அளவறிந்து உண்பதும், கண்முன் இருக்கும் அதிரசத்தை வேண்டாமென்று ஒதுக்குவதும் வேறென்ன? ஆண்டுக்குச் சில நாள் பிறர் மேற்கொள்ளும் தவத்தை அவர் ஆண்டு முழுதும் மேற்கொள்கிறார். மேலும், தீர்த்தங்கர நாமவினைக்குக் காரணமாகத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணும் பதினாறு பாவனைகளுள் ஆற்றலுக்கேற்ற தவம் என்பதும் ஒன்று. வையாவிருத்தியம் என்பதும் ஒன்று. முன்னது நோயாளிக்கு; பின்னது அவர் வீட்டாருக்கு. "நீங்கள் எங்கும் போகவில்லை, அம்மா, திரும்புவதற்கு" என்று மறுநாள் சென்று சொன்னோம்.

அவர் மற்றோர் ஐயத்தையும் எழுப்பினார். இன்சுலின் ஊசி உயிர்க்கொலையால் வருவதென்று யாரோ சொல்லியிருந்தனர். அது ஒருகாலத்தில் உண்மையே. 1921-இல் கனடா நாட்டு டொராண்டோவில் பாண்டிங், பெஸ்ட் என்பார் நாய்களைக் கொண்டு ஆய்ந்து அதனைக் கண்டனர். 1922 சனவரியில் லெனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன் அம்மருந்தால் உயிர் பெற்றான். அதன்பின் பல்லாண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே எடுத்தனர். நம் முன்னோர் அதற்குக் கூசியதில் வியப்பில்லை. ஆனால் 1978-இல் நுண்ணுயிரியைக் கொண்டே மனித இன்சுலினை ஆக்கும் முறை கண்டறியப்பட்டு, 1982-இல் மருந்தாக ஒப்புதல் பெற்றது. இன்று மருந்துக்கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பாக்டீரியாவிலோ ஈஸ்டிலோ ஆக்கப்பட்டதே. நுண்ணுயிரும் உயிரன்றோ என்பார்க்கு, தயிரும் அவ்வழி வந்ததே என்பதற்குமேல் நாம் சொல்வதற்கில்லை. கண்டறிந்தோர் அதன் உரிமையை 1923-இல் ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டனர். உணவு, மருந்து, அறிவு, அபயம் என்று நான்கு தானம் போற்றும் நாம், அந்த மருந்துத் தானத்தை மனமார வாழ்த்தலாம்.

நீரிழிவுக்கெனத் தனி மருத்துவம் நம் தமிழகத்தில் நெடுங்காலமாகவே உண்டு. 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் அதற்கெனத் தனிப் பிரிவு கண்டவர் மருத்துவர் எம். விசுவநாதன், 1954-இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனையும் நிறுவினார். இப்பொழுது நாம் அவ்வளவு தொலைவு போக வேண்டுவதில்லை. கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் 1985-இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021-இல் அரசின் நலவாழ்வுத் துறைக்கு மாறி, மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாகியுள்ளது. மாத்திரையை வீடு தேடிவந்து தரும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டமும் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. மருத்துவமும் மருந்தும் கிட்டுவது இன்று அரிதன்று. உடன் செல்லும் ஆள்தான் அரிது. மருந்தைப் பற்றிப் பேசும் திருக்குறள் அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணிசெய்பவரையும் நான்காவதாகச் சேர்த்தே மருத்துவம் என்கிறது.

உடன் செல்பவர்க்கு அங்கு என்ன வேலை என்று கேட்கலாம். நம் மூதாட்டியின் சீட்டில், இரவு உணவுக்குமுன் ஒரு மாத்திரை என்று எழுதியிருந்தது. அவர் உண்பதோ மாலை ஐந்தரை மணிக்கு. மாத்திரையைப் போட்டுக்கொண்டதோ இரவு எட்டு மணிக்கு. இத்தனை நாளும் அவரிடம் இதனைக் கேட்டார் இல்லை, அவரும் சொன்னாரில்லை. பொழுது சாயுமுன் உண்பவர்கள் நாங்கள் என்று பேரன் எடுத்துச் சொன்ன பிறகு, மருத்துவர் வேளையையும் அளவையும் மாற்றிக் கொடுத்தார். நடுஇரவில் தாழ்சர்க்கரை வந்தால் சர்க்கரை நீர் மருந்தாகவே கொள்ளப்படும் என்பதையும், அதனை விலக்காக வைத்தே இராவுண்ணாமையை ஏற்பது என்பதையும், வீட்டார் அனைவரும் அறிய முன்னரே முடிவு செய்தோம்.

பாதமும் பார்க்கப்பட வேண்டும். நீரிழிவு முற்றினால் உள்ளங்காலில் உணர்ச்சி மங்கும். முள் தைத்தாலும் தெரியாது. வெயிலில் காய்ந்த கருங்கல்லில் வெறுங்காலுடன் ஆலயம் வலம்வருவோர், திருநறுங்கொண்டைக் குன்றில் படியேறுவோர், கொப்புளம் கண்டதை மறுநாள்தான் அறிவர். காலை இளவெயிலில் வலம்வரச் செய்வதும், இரவில் விளக்கருகே அமர்ந்து அவர் உள்ளங்காலைப் பார்ப்பதும் வீட்டாரின் கடமை. புண்ணைக் கண்டு அருவருப்போர், உத்தாயன மன்னனை நினைக்கலாம். நோயாளி முனிவராக வேடந்தாங்கி வந்த தேவன் உண்டதை அவன்மேலேயே கக்கியபோதும், முகஞ்சுளியாமல் கழுவித் துடைத்தவன் அவன். நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் வெறுப்பின்மைக்கு எடுத்துக்காட்டாக நிற்பவனும் அவனே.

அம்மூதாட்டி இப்பொழுது சதுர்த்தசியன்று நெய்யும் இனிப்பும் விட்டு, சிறுகச் சிறுக மூன்று வேளை, பகலிலேயே உண்கிறார். தலைமாட்டில் ஒரு சர்க்கரைச் சிமிழ் இருக்கிறது. ஆண்டுக்கொருமுறை விழித்திரையைச் சோதிக்கச் சிதம்பரம் போகிறார். கண்ணில் சொட்டு மருந்திட்டால் சில மணி நேரம் எழுத்தும் படியும் மங்கலாகத் தெரியும், வெயில் கூசும், தனியே பேருந்து ஏற இயலாது. சென்ற ஆண்டு பேரன் கைப்பிடித்து அழைத்து வந்தான். அவன் இப்போது வேலைக்கு வெளியூர் சென்றுவிட்டான். அடுத்த மாதம் நாம் உடன்வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.