இலக்கு யாருடையது?

ஊர் பார்க்கப் போவது ஒன்று. ஒன்றைப் பார்ப்பதற்காகவே ஊர் போவது வேறு. முதல் வகைப் பயணத்தில் கண்ணில் படுவதெல்லாம் வரவு. இரண்டாவது வகையில் வரவு ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் வழிச்செலவு. பாடல் பெற்ற தலங்கள் அத்தனையையும் தரிசித்துவிட வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் விடுப்பைச் சேர்த்துவைப்பவர்கள், ஒரு பறவையின் வலசைக் காலத்தைப் பார்த்து ரயிலுக்கு முன்பதிவு செய்பவர்கள், கிரகணத்தின் நிழல் எந்த ஊர் வழியாகப் போகும் என்று வரைபடத்தை விரித்து உட்காருபவர்கள் ஆகியோரை நாம் அறிவோம். நம்மில் பலர் அவர்களே. இத்தகைய பயணங்களில் நாளைக் குறிப்பது நாமல்ல. பூவோ பறவையோ கோளோ குறிக்கிறது. நாம் நம் வாழ்க்கையை அதற்கேற்ப வளைத்துக்கொள்கிறோம்.

வளைத்துக்கொண்ட பிறகும் கிடைக்காமற்போனால்? பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018இல் மூணாற்று மலைகளில் பூக்க வேண்டியிருந்தது. 2006இல் தவறவிட்டவர்கள் அந்த ஆண்டுக்காகவே காத்திருந்தார்கள். அந்த ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது, மலைச்சாலைகள் சரிந்தன. நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன வெள்ளத்தின் முன்னே, பூவைப் பார்க்க முடியாத குறையைச் சொல்ல நா எழாது. ஆனாலும் அது குறைதான். சொல்ல முடியாத குறை மனத்தில் இன்னும் ஆழமாகத் தங்கும்.

இந்தக் குறையின் முழு உருவத்தையும் காண வேண்டுமானால் 1769ஆம் ஆண்டின் புதுச்சேரிக்குப் போக வேண்டும்.

வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து செல்லும் இடைநகர்வு மிக அரிது. எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை நிகழும். பிறகு நூறாண்டுக்கு மேல் நிகழாது. பதினெட்டாம் நூற்றாண்டில் அது வந்தது 1761இலும் 1769இலும். 1761ஆம் ஆண்டு இடைநகர்வைப் புதுச்சேரியிலிருந்து அளப்பதற்காகப் பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜான்தி 1760 மார்ச்சிலேயே கப்பலேறினார். கடலெங்கும் ஆங்கிலேய, பிரெஞ்சுப் போர். அவர் இந்தியக் கரையை நெருங்கியபோது புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது. கப்பல் திரும்பியது. ஜூன் 6 அன்று வானம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அவர் நின்றது ஆடும் கப்பல் தளத்தில். கண்ணால் கண்டார், கணக்குக்கு உதவும்படி அளக்க முடியவில்லை.

ஊருக்குத் திரும்பாமல் அடுத்த எட்டாண்டுகளை இந்தியப் பெருங்கடல் பகுதியிலேயே கழிப்பது என்று முடிவு செய்தார். மடகாஸ்கரின் கிழக்குக் கரையை வரைபடமாக்கினார். காற்றையும் நீரோட்டத்தையும் குறித்துவைத்தார். மணிலாவில் இருந்து பார்க்க விரும்பிப் போனார். பாரிஸ் அறிவியல் கழகமோ புதுச்சேரியையே விரும்பியது. 1768 மார்ச்சில் வந்து சேர்ந்தார். ஊர் அப்போது மீண்டும் பிரெஞ்சுக்காரர்களிடம் வந்திருந்தது. ஆங்கிலேயர் இடித்துப் போட்டிருந்த கோட்டையின் இடிபாடுகள் மேல் அவருக்கு ஆய்வுக்கூடம் எழும்பியது. பகைவர்களாக இருந்த அதே ஆங்கிலேயர் சென்னையிலிருந்து ஒரு தொலைநோக்கி அனுப்பிவைத்தார்கள். ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார். அந்தப் பருவத்தில் காலை வானம் நாள்தோறும் தெளிந்தே இருந்தது.

1769 ஜூன் 4. விடியலுக்கு முன் எழுந்தவர் வானம் மூடிக்கிடப்பதைக் கண்டார். சூரியன் எழுந்தது, வெள்ளி அதன் விளிம்பைக் கடந்து வெளியேறியது. இரண்டையும் மேகம் மறைத்திருந்தது. எல்லாம் முடிந்த சிறிது நேரத்தில் வெயில் பளிச்சென்று அடித்தது. அவர் விட்டுவந்த மணிலாவில் அன்று வானம் தெளிவு. நாள்கணக்கில் அவரால் பேனாவை எடுக்கவே முடியவில்லை. 1771இல் தாய்நாடு திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாக எண்ணி உறவினர்கள் சொத்தைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாட்டில் இருந்தார்கள்.

இத்தகைய கதையைக் கேட்டவுடன் 'போய்ச் சேருவதைவிடப் போகிற வழியே பெரிது' என்று ஆறுதல் சொல்லத் தோன்றும். அந்த ஆறுதலை என்னால் ஏற்க முடியவில்லை. பதினோரு ஆண்டுகளை ஒரு காலைப்பொழுதுக்காகக் கொடுத்தவரிடம் போய், நீ தேடியது பெரிதல்ல என்று சொல்வது அவருடைய தேடலையே சிறுமைப்படுத்துவது. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதுச்சேரியில் காத்திருந்த நாள்களில் அவர் தமிழர்களின் கிரகணக் கணக்கைக் கற்றார். அவர்கள் எழுதிக் கணக்கிடவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி நகர்த்தினார்கள். அட்டவணை எண்களைச் சொற்களாகக் கட்டி மனப்பாடமாக வைத்திருந்தார்கள். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தை அந்த முறையில் கணித்ததில் 41 விநாடி குறைந்தது. ஐரோப்பா போற்றிய வானியலாளர் மேயரின் அட்டவணையோ 68 விநாடி கூடுதலாகக் காட்டியது. இதை நேர்மையாகப் பதிந்துவைத்தவர் லெ ஜான்தி. வெறுமனே ஊர் சுற்ற வந்தவருக்கு அந்தச் சோழிகள் திண்ணை விளையாட்டாகவே தெரிந்திருக்கும். விநாடியின் அருமையை அறியும்படி அவரது கண்ணைப் பழக்கியிருந்தது அந்த ஒற்றை வேட்கைதான்.

இதோடு நின்றால் பாதி உண்மைதான் கிடைக்கும். அதே இடைநகர்வைக் காண மற்றொரு பிரெஞ்சு வானியலாளரான ஷாப், இன்றைய மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா முனைக்குப் போனார். வானம் தெளிந்திருந்தது, நினைத்ததெல்லாம் அளந்தார். கொள்ளைநோய் பரவிய அந்த ஊரில் நோயுற்று ஆகஸ்ட் 1 அன்று இறந்தார். உயிர் பிழைத்த தோழர் வழியே அவருடைய குறிப்புகள் பாரிஸ் சேர்ந்தன. கண்டவர் இறந்தார், காணாதவர் 1792 வரை வாழ்ந்தார். இவர்களில் யாருடைய பயணம் நிறைவேறியது என்று கேட்டால் நமக்கு விடை தடுமாறுகிறது. கேள்வியே பிழையோ என்று அப்போதுதான் ஐயம் எழுகிறது.

ஏனெனில் இந்த இலக்கு தொடக்கத்திலிருந்தே ஒருவருக்கு உரியதல்ல. உலகின் பல மூலைகளிலிருந்து இடைநகர்வை அளந்தால் சூரியனின் தொலைவைக் கணிக்கலாம் என்று 1716இல் எழுதி, வரப்போகும் தலைமுறையைத் தூண்டியவர் வானியலாளர் ஹாலி. தமக்கு அதைக் காணும் ஆயுள் இராது என்று தெரிந்தே எழுதினார், 1742இல் மறைந்தார். பல இடங்களுக்கு ஆள் அனுப்பியதற்கு ஒரு காரணம், எங்கோ ஓரிடத்தில் மேகம் மூடும் என்பதும்தான். அதாவது லெ ஜான்தியின் ஏமாற்றத்துக்கும் அந்தப் பெருந்திட்டத்தில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் காணாவிட்டாலும் அது காணப்பட்டது; சூரியனின் தொலைவு, இன்று நாம் அறிந்த 15 கோடி கிலோமீட்டருக்கு மிக அருகில் வந்து நின்றது. நம்முடையது என்று நாம் நெஞ்சில் சுமந்து திரிகிற விருப்பம், நம் வழியாக நிறைவேறாதபோதும் வேறெங்கோ வேறொருவர் வழியாக நிறைவேறியதை அறிந்து மகிழும் அளவுக்கு விரியுமானால், அப்போதுதான் அது நம்மைப் பற்றிய விருப்பமாக இருப்பதிலிருந்து விடுபட்டு அந்தப் பொருளைப் பற்றிய அன்பாக மாறுகிறது என்று எண்ணத் தோன்றுகிறது. அந்த மாற்றம் வலியில்லாமல் வராது; லெ ஜான்தியிடம் அது முழுமையாக வந்ததா என்பதும் நமக்கு வேண்டாம்.

ஆனால் நம்மிடம் அது வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம். பறவைக்காக ஊர் ஊராகப் போகிறவருக்கு இந்தக் கேள்வி கூடு கட்டும் காலத்தில் வரும். இன்னும் பத்தடி நெருங்கினால் நல்ல படம் கிடைக்கும்; அந்தப் பத்தடியில் தாய்ப்பறவை முட்டையை விட்டுப் பறந்துவிடவும் கூடும். பறவை இருப்பது பெரிதா, அதை நான் பார்ப்பது பெரிதா? சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிக் கண்மாய்க்கு அருகே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளும் என்று பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தொலைநோக்கியோடு அங்கே போய் இறங்குகிற நமக்கு நாரை காணக் கிடைக்கிறது என்றால், அந்த ஊர்ப் பிள்ளைகள் விட்டுக்கொடுத்த பண்டிகைகளும் அந்தக் காட்சிக்குள் இருக்கின்றன.