கடன் என்னும் ஒரே சொல்

தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. பிறரிடம் வாங்கித் திருப்பித் தர வேண்டிய பணமும் கடன். செய்தே ஆக வேண்டிய பணியும் கடன். காலைக்கடன் என்கிறோம், நீத்தார் கடன் என்கிறோம். அங்கே வட்டியும் இல்லை, பத்திரமும் இல்லை. வடமொழியில் 'ருணம்' என்ற சொல்லும் இவ்வாறே இரு திசைகளிலும் விரிகிறது. தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் முன்னோர்களுக்கும் கடன்பட்டே மனிதன் பிறக்கிறான் என்பது வேத மரபு. வாழ்க்கை முழுவதையுமே ஒரு கடன் தீர்ப்பாக நம் பெரியோர் கண்டனர்.

பெரும்பாலான இல்லங்களில் இவ்விரண்டு பொருள்களும் மோதிக்கொள்வதில்லை. கணவனும் மனைவியும் சம்பாதிக்கும் வீட்டில் மாதத் தவணையும் கட்டப்படுகிறது, பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் செலுத்தப்படுகிறது. கணவன் இறந்தோ பிரிந்தோ போய், ஒருத்தியின் ஊதியத்தை நம்பியே இரண்டு மூன்று வயிறுகள் இருக்கும் வீட்டில்தான் அவை மோதுகின்றன. கையில் இருக்கும் இரண்டாயிரம் ரூபாயைத் தவணைக்குக் கொடுப்பதா, பிள்ளையின் காய்ச்சலுக்குக் கொடுப்பதா? எதைக் கொடுத்தாலும் ஒரு கடன் நிற்கிறது. இந்த நிலையில் தர்மம் எது?

கர்நாடகத்தில், கோலார் தங்கவயலைச் சேர்ந்த ராபர்ட்சன்பேட்டையில் இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதில்லை. 1880-ல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கிய பின் வடார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் அலை அலையாகச் சென்று குடியேறின. சிவனசமுத்திரத்திலிருந்து 1902-ல் மின்சாரம் வந்தது. பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை மனிதர்கள் இறங்கினார்கள். நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் வெளியே வந்தது. அதனுடன் வந்த பாறைத் தூசி தொழிலாளர்களின் நுரையீரல்களில் தங்கிவிட்டது. 'சிலிகோசிஸ்' என்னும் அந்நோயினாலும், ஆழத்தில் நேர்ந்த பாறை வெடிப்புகளாலும் அவ்வூரில் இளம் வயதிலேயே துணையை இழந்த பெண்கள் தலைமுறைதோறும் இருந்திருக்கிறார்கள். 2001 பிப்ரவரி இறுதியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர்.

அதன் பிறகு அவ்வூரை வாழ வைத்தவற்றுள் முதலிடம் ரயிலுக்கு உரியது. மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூரு செல்லும் வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ஏறி, இரவில் வீடு திரும்புகின்றனர். போக ஒரு நூறு கிலோமீட்டர், வர ஒரு நூறு. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகத் துப்புரவு வேலைக்கும் செல்லும் தாய்மார்கள் அவர்களில் உண்டு. மண்ணுக்கடியில் பொன்னை வெட்டி எடுத்த ஊரில், தாலிச்சரடு ஒன்று தவிர மற்ற பொன்னெல்லாம் அடகுக் கடையில் இருப்பது அங்கே புதுமையான செய்தியன்று. (அவ்வூரின் முக்கியத் தெருக்களில் ஒன்றின் பெயர் கீதா ரோடு. குருக்ஷேத்திரத்தில் நின்ற அர்ஜுனனைப் போல, இரு கடமைகளுக்கிடையே தவிக்கும் ஒரு தாய் அத்தெருவில் தினமும் நடக்கக்கூடும்.)

அப்படிப்பட்ட ஒரு தாயை மனத்தில் நிறுத்திக் கொள்வோம். கணவனின் மருத்துவச் செலவுக்கு வாங்கிய கடன் அவளிடம் இருக்கிறது. பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். சமயச் சொற்பொழிவில் அவள் கேட்பது என்ன? பெரும்பாலும் அரிச்சந்திரன் கதைதான். வாக்களித்த பொருளைக் கொடுக்க நாட்டை விட்டான், காசியில் மனைவியையும் மகனையும் விற்றான், தன்னையும் விற்றுச் சுடலை காத்தான். வாய்மைக்கு அதைவிடப் பெரிய சான்று இல்லை. சிறுவனாக இருந்தபோது அந்நாடகத்தைப் பார்த்த காந்தியடிகள் அதிலேயே தோய்ந்து கிடந்ததைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

ஆனால் அதே கதையைச் சந்திரமதியின் பக்கத்திலிருந்து ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். விசுவாமித்திரருக்கு வாக்களித்தவள் அவளல்லள். என்னை விற்றுக் கடனை அடையுங்கள் என்று அவளே கூறியதாகப் புராணம் சொல்கிறது. அது அவளது பெருமை. லோகிதாசனை யார் கேட்டார்கள்? தர்ப்பை பறிக்கச் சென்ற அக்குழந்தை பாம்பு தீண்டி இறக்கிறது. வாங்காத கடனுக்கு மிக அதிக விலை கொடுத்தது அந்தக் குழந்தைதான். புராணம் இறுதியில் அவனை உயிர்ப்பிக்கிறது. ராபர்ட்சன்பேட்டையில் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்கு அனுப்பப்படும் பதினான்கு வயது மகனுக்கு அப்படியோர் இறுதிக் காட்சி அமைவதில்லை. இக்கதை அரசனின் சத்தியத்தைச் சோதிக்கச் சொல்லப்பட்டது. ஓர் ஏழைத் தாய்க்குக் குடும்பக் கணக்கு கற்பிக்க அதை எடுப்பது பொருந்தாது என்பதே என் கருத்து.

நம் சாஸ்திரங்கள் இதை அறிந்தே இருந்தன. கணவன் வாங்கிய கடனுக்கு, அதற்கு உடன்படாத மனைவியைப் பிடிக்கலாகாது என்று அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. உழவர், ஆயர் போன்ற சிலரின் மனைவியருக்கு மட்டும் விலக்கு. மொத்தமாக வசூலிக்கும் வட்டி முதலுக்கு மேல் போகக்கூடாது என்ற விதியும் ஸ்மிருதிகளில் உண்டு. 'தாம்துபட்' என்ற பெயரில் ஆங்கிலேயர் கால நீதிமன்றங்களும் சில மாகாணங்களில் அதைப் பின்பற்றின. கடன் கொடுத்தவனுக்கும் ஒரு தர்மம் உண்டு என்பதை இந்த விதிகள் காட்டுகின்றன. நமது பிரசங்கங்களில் வாங்கியவனின் தர்மமே பேசப்படுகிறது. கொடுத்தவனின் தர்மத்தைப் பேசுவோர் குறைவு.

இன்றைய சட்டமும் இதே எல்லைக்கோட்டை வரைகிறது. ஜாமீன் கையெழுத்தோ கூட்டுக் கையெழுத்தோ இடாத மனைவி, கணவன் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கு மேல் அவன் கடனுக்குப் பொறுப்பாக மாட்டாள். தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் சமயக் கடமை என்ற பழைய கோட்பாட்டை 2005-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அதன் பின் வாங்கப்படும் கடன்களைப் பொறுத்தவரை நீக்கிவிட்டது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-ஆம் பிரிவின்படி, பணத்துக்கான தீர்ப்பை நிறைவேற்ற ஒரு பெண்ணைக் கைது செய்ய முடியாது. 60-ஆம் பிரிவு, உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி பெண் பிரியக்கூடாத அணிகலன், தொழிலாளியின் கருவிகள் ஆகியவற்றை ஜப்தி செய்ய இயலாதவை என்கிறது. அடுப்பங்கரைக்குள் கடன்காரனின் கை நுழையக்கூடாது என்று சட்டமே நிறுத்தியிருக்கும்போது, தன் குழந்தையின் சோற்றை எடுத்துத் தவணை கட்டாத தாய் தன்னைப் பாவி என்று எண்ண வேண்டியதில்லை.

அப்படியானால் கடனைக் கட்ட வேண்டாமா? கட்டத்தான் வேண்டும். முடியும்போதும் கட்டாதிருப்பது அசத்தியம். அவள் கட்ட வேண்டிய முறையைப் பற்றியே நாம் பேசுகிறோம். இங்கே விவேகம் என்ற சொல்லைச் சற்று மண்ணில் இறக்கிப் பார்க்கலாம். நித்தியம் எது, அநித்தியம் எது என்று பிரித்தறிவதை விவேகம் என்கிறோம். இவ்வுலகக் கடனிலும் முடிவுள்ளது எது, முடிவில்லாதது எது என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது. ஐம்பதாயிரம் ரூபாயை ஆண்டுக்கு 24 சதவீதம் குறையும் வட்டியில் இருபத்துநான்கு தவணைகளில் கட்டினால் மாதம் ஏறக்குறைய 2,644 ரூபாய் ஆகும். இரண்டாண்டில் கடன் தீர்ந்துவிடும். அதே ஐம்பதாயிரத்தை நூற்றுக்கு ஐந்து என்ற மாத வட்டிக்கு வாங்கினால் மாதம் 2,500 ரூபாய். பார்வைக்கு இதுவே குறைவு. ஆனால் இரண்டாண்டில் அறுபதாயிரம் கொடுத்த பின்னும் முதல் ஐம்பதாயிரமும் அப்படியே நிற்கும். சொல்லுக்குக் கட்டுப்பட்ட தாய் இரண்டாவதையே முதலில் கட்டுகிறாள். காரணம், அந்த வட்டிக்காரர் வாசலில் வந்து நின்று உரக்கப் பேசுகிறார். அவமானம் எங்கே உரத்து ஒலிக்கிறதோ அங்கே பணம் போகிறது. எந்தக் கடனுக்கு முடிவில்லையோ, அதன் முதலைக் குறைப்பதற்கே ஒவ்வொரு நூறு ரூபாயும் முதலில் போக வேண்டும். வாயாடுபவருக்குக் கொஞ்சம் காத்திருக்கவும் தெரிய வேண்டும்.

மானம் என்பதைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கடன் வாங்கிக் காதணி விழா நடத்துவதும், மஞ்சள் நீராட்டுக்குப் பந்தல் போடுவதும், மொய்க்குப் பதில் மொய் வைப்பதும் மானத்தின் பெயராலேயே நடக்கின்றன. மொய் நோட்டும் ஒரு கடன் பத்திரம்தான். அதில் வட்டி எழுதப்படுவதில்லை, அவ்வளவே. தனியாளாகக் குடும்பம் நடத்தும் பெண் இச்செலவை விட்டால் உறவினர் பேசுவார்கள். பேசட்டும். பிள்ளையின் பாடப்புத்தகத்தை விட்டுவிட்டால் பேசுவதற்கு ஒருவரும் வருவதில்லை என்பதுதான் வேதனை.

இங்கே புவனேஸ்வரி தேவியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1884 பிப்ரவரியில் கல்கத்தாவில் விசுவநாத தத்தர் திடீரென மறைந்தபோது அவ்வீட்டில் மிஞ்சியது கடன். மூத்த மகன் நரேந்திரனுக்கு அப்போது இருபத்தோரு வயது. கடைசி மகன் பூபேந்திரன் நான்கு வயதையும் எட்டாத குழந்தை. உறவினரே வீட்டுக்காக வழக்குத் தொடுத்தனர். மாதம் ஆயிரம் ரூபாய் செலவிட்ட குடும்பத்தை அத்தாய் முப்பது ரூபாயில் நடத்தினார் என்று சுவாமி சாரதானந்தர் பதிவு செய்கிறார். வேலை தேடி வெறுங்காலுடன் வெயிலில் அலைந்த நரேந்திரன், வெளியில் விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள் என்று பொய் சொல்லித் தன் பங்கு உணவைத் தம்பி தங்கையருக்கு விட்டதை நாம் அறிவோம். பணம் கேட்கக் காளி சந்நிதிக்குள் மும்முறை சென்று, விவேகமும் வைராக்கியமும் பக்தியுமே கேட்டுத் திரும்பியதையும் அறிவோம்.

அந்நிகழ்ச்சியை நாம் துறவின் வெற்றியாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அன்றிரவு குருதேவர் அக்குடும்பத்துக்கு எளிய உணவுக்கும் உடைக்கும் குறைவு வராது என்று வாக்களித்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நரேந்திரன் விவேகானந்தராகி உலகை வலம் வந்த பின்னும் அக்கடனை மறக்கவில்லை. கேத்ரி மன்னர் அஜித் சிங் அன்னைக்கு மாதந்தோறும் நூறு ரூபாய் அனுப்பி வந்தார். தம் காலத்துக்குப் பிறகும் அது தொடர வேண்டும் என்று 1898-ல் சுவாமிஜி அவருக்கு எழுதினார். அனைத்தையும் துறந்தவர் இதற்காகக் கை நீட்டத் தயங்கவில்லை. வீட்டு வழக்கு ஓய்ந்தது 1902 ஜூனில். சுவாமிஜி மகாசமாதி அடைந்தது ஜூலை 4-ல். பதினெட்டு ஆண்டுகள் ஒரு தாய் கடனோடும் வழக்கோடும் போராடியிருக்கிறார். அதன் நடுவே பிள்ளைகளைப் படிக்கவும் வைத்தார். அவர்களில் ஒருவரை உலகம் அறியும். பூபேந்திரநாதர் 1907-ல் தேச விடுதலைக்காகச் சிறை சென்றார்.

அந்த வீட்டிற்கு ஒரு மன்னர் கிடைத்தார். ராபர்ட்சன்பேட்டைத் தாய்க்கு யார்? வங்கதேசத்தில் முகம்மது யூனுஸ் தொடங்கிய குழுக்கடன் முறை 2006-ல் நோபல் பரிசு பெற்றது. ஏழைப் பெண்களின் சொல்லே போதுமான ஈடு என்ற நம்பிக்கையில் எழுந்த முறை அது. உயர்ந்த எண்ணம். ஆனால் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு, அக்கம்பக்கத்துச் சகோதரியையே வசூலிப்பவளாக மாற்றிவிடவும் கூடும். 2010-ல் ஆந்திரத்தில் தற்கொலைகளுக்குப் பின் அவசரச் சட்டம் வந்தது. 2025 பிப்ரவரியில் கர்நாடகத்திலும் வசூலில் பலவந்தம் செய்வதைத் தண்டிக்க அவசரச் சட்டம் வந்தது. ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைகளுக்குப் போகும்படி சிறுகடன் கொடுக்கலாகாது, காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் அதை வசூலிக்கச் செல்லலாகாது என்பவை 2022-ல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள். இவை அவளுக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும், இரவு ஒன்பது மணிக்கு ரயில் இறங்கி வரும் அவளிடம் விதிப்புத்தகம் இருக்காது.

உயிரை மாய்த்துக்கொண்டால் கடன் தீரும் என்ற எண்ணம் சிலர் மனத்தில் நுழைகிறது. அது பிள்ளைகளை இருமுறை அநாதையாக்கும் எண்ணம். அத்தகைய இருள் சூழும் நேரத்தில் 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழிலும் பேசலாம் என்பதைக் கோயில் சுவரிலும் பஜனைக் கூடத்திலும் எழுதி வைக்கலாம். வழக்கு என்று வந்தால், வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருக்கிறது. நீதிமன்ற வளாகத்துச் சட்டப் பணிகள் அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் போதும்.

பிள்ளைகளிடம் கடனை மறைக்க வேண்டுமா என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. அச்சத்தை மறைக்கலாம், கணக்கை மறைக்க வேண்டியதில்லை. பத்து வயது நிறைந்த பிள்ளைக்குக் கூட்டலும் கழித்தலும் தெரியும். மாதம் ஒருமுறை தாயும் பிள்ளைகளும் உட்கார்ந்து, இவ்வளவு வந்தது, இவ்வளவு அரிசிக்கு, இவ்வளவு தவணைக்கு, மீதிக் கடன் இவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதலாம். சத்சங்கத்துக்கு வரும் அன்பர்களில் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் பலர் உண்டு. அவர்களில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் பக்கத்துத் தெருவுக்குச் சென்று, எந்தக் கடனுக்கு உண்மையில் எத்தனை சதவீத வட்டி என்று அந்த நோட்டின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தால், அடுத்த மாத ஊதியம் எங்கே போக வேண்டும் என்பதை அவளே தீர்மானித்துக் கொள்வாள்.