சந்தேகம் யார் வேலை?

ஓசூரில் ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகா. 1980-ல் டி.வி.எஸ் 50 மொபெட் புறப்பட்ட ஊர். மொபெட்டுக்குக் காற்றைப் பற்றி அதிகம் கவலையில்லை. 2017-ல் இதே ஊரிலிருந்து வந்த அப்பாச்சி ஆர்.ஆர் 310 போன்ற பைக்குகளுக்கு உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு!

இந்தக் காற்றைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பார்ப்பதற்கு சி.எஃப்.டி. என்று பெயர். வண்டியைச் சுற்றியுள்ள வெளியை லட்சக்கணக்கான பெட்டிகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம், ஒரு அழுத்தம் என்று கணக்குப் போடுவார்கள். பெட்டியைவிடச் சின்னதாக உள்ளே ஒரு சுழல் இருந்தால்? கணக்கைப் பொறுத்தவரை அது கிடையாது.

முன்பெல்லாம் வளைவு நெளிவுக்கு ஏற்ற மாதிரி இந்தப் பெட்டிகளை ஆள் உட்கார்ந்து வாரக்கணக்கில் அமைப்பார். இப்போது பட்டனைத் தட்டினால் போதும். எல்லாம் கனசதுரம்தான். வண்டியின் உடம்பு குறுக்கிடும் பெட்டியை எட்டாக உடை, அதையும் எட்டாக உடை, கடைசியில் ஓரத்தைச் சீவிவிடு. கார்ட்டீசியன் மெஷ். நாசாவின் ஏம்ஸ் மையத்தோடு சேர்ந்து வளர்ந்த கார்ட்3டி இதில் பிரசித்தம்.

'கார்ட்டீசியன்' என்ற பெயர் 17-ம் நூற்றாண்டு ஃபிரெஞ்சுக்காரர் தெகார்த்திடமிருந்து வந்தது. எதையும் முதலில் சந்தேகப்படு என்றவர். அவர் பெயரில் உள்ள பெட்டிகளுக்கோ சந்தேகமே வராது. எது முக்கியம் என்று நாம் சொன்னால் அங்கே பொடிசாக வெட்டும். சொல்லாவிட்டால் அதுபாட்டுக்குப் பெரிசாக விட்டுவிட்டு, கலர் கலராகப் படமும் போட்டுக் கொடுக்கும். நாமும் நம்பிவிடுவோம்.

அப்படியானால் தப்பு நடந்தால் யார் பொறுப்பு? மெஷினா, பட்டன் தட்டினவரா?

கல்பனா சாவ்லா 1988-ல் ஏம்ஸில் சேர்ந்தது இதே சி.எஃப்.டி. துறையில்தான். 2003 ஜனவரி 16-ல் அவர் ஏறிய கொலம்பியா கிளம்பி 82 வினாடியில், முக்கால் கிலோ நுரைத் துண்டு ஒன்று கழன்று இடது இறக்கையில் மோதியது. பூமியில் ஒரு ஃபார்முலாவில் போட்டுப் பார்த்தார்கள். அது சின்னத் துணுக்குகளை வைத்து உருவானது. இந்தத் துண்டோ நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது. ஆனாலும் அது ஆபத்தைத்தான் காட்டியது. 'இந்த ஃபார்முலா எப்பவுமே மிகைப்படுத்தும்' என்று ஒதுக்கினார்கள். இறக்கையைப் படமெடுத்துத் தரும்படி சில இன்ஜினீயர்கள் கேட்டார்கள். கிடைக்கவில்லை. பிப்ரவரி 1-ல் ஏழு பேரும் திரும்பவில்லை.

அப்புறம்தான் கார்ட்3டி-யை வைத்து நுரையின் பாதையைக் கணக்கிட்டார்கள். லேசான நுரையைக் காற்று சட்டென்று தடுத்து நிறுத்த, பின்னால் சீறி வந்த ஓடம் அதன்மேல் போய் மோதியிருக்கிறது, மணிக்குச் சுமார் 800 கிலோமீட்டர் வேகத்தில். ஜூலையில் அதே மாதிரி நுரையை இறக்கைப் பலகைமேல் சுட்டுப் பார்த்தபோது, தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது.

கணக்கு முந்தியும் இருந்தது, பிந்தியும் இருந்தது. நடுவில் கேட்கப்பட்ட ஒரு சந்தேகத்துக்குத்தான் யாரும் காது கொடுக்கவில்லை.

பெட்டி வெட்டும் சலிப்பான வேலையை மெஷினிடம் தாராளமாகக் கொடுக்கலாம். மிச்சமாகும் அந்த வாரங்களில் 'எங்கே பொடிசாகப் பார்க்கவில்லை?' என்று கேட்க வேண்டியது நாம். அப்படிக் கேட்கிற ஜூனியரை, 'அதான் கம்ப்யூட்டரே சொல்லிடுச்சே' என்று உட்கார வைத்தால், பொறுப்பு பட்டன் தட்டினவருடையது அல்ல, உட்கார வைத்தவருடையது.