சினம் தணியும் இடம்

பள்ளிக்கூடத்துக்குள் மாணவன் கையில் ஆயுதம் வருவது அமெரிக்காவில் பெரும்பாலும் துப்பாக்கியாக வருகிறது. தமிழ்நாட்டில் அது கத்தியாகவும் அரிவாளாகவும் வருகிறது. 2012 பிப்ரவரி 9 அன்று சென்னை பாரிமுனைப் பகுதியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் இந்தி ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தங்கைக்கும் வெட்டு விழுந்தது. 2025 ஏப்ரல் 15 அன்று பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவன் கொண்டுவந்த அரிவாள் சக மாணவனையும் ஆசிரியையையும் காயப்படுத்தியது. இருவருக்கும் இடையில் இருந்த தகராறு ஒரு பென்சிலைப் பற்றியது.

திருத்தணி வட்டாரமும் இதற்கு விலக்கல்ல. சென்னைக்குப் புறநகர் ரயிலில் போய்ப் படித்த திருத்தணிப் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் 2024 அக்டோபரில் வேறொரு கல்லூரி மாணவர்களால் தாக்கப்பட்டு, சில நாள் மருத்துவமனையில் கிடந்து இறந்தார். 2025 டிசம்பர் கடைசி வாரத்தில் திருத்தணியில் வடமாநிலத் தொழிலாளி ஒருவரைப் பதினேழு வயதுச் சிறுவர் நால்வர் அரிவாளால் வெட்டி, வெட்டுவதைக் கைபேசியில் படமும் எடுத்தார்கள்.

இவற்றைக் காவல்துறைக் கணக்கில் மட்டும் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. ஒரு பிள்ளையின் சினம் யாருடையது? அது அவனுக்குள்ளேயே பிறந்ததா, அவனிடம் கொண்டுவந்து சேர்க்கப்பட்டதா? சேர்க்கப்பட்டது என்றால் அதை இறக்கிவைக்க இடம் எங்கே? சமயங்கள் இந்தக் கேள்வியை நெடுங்காலமாகக் கேட்டுவந்திருக்கின்றன. திருத்தணிக்குப் பக்கத்தில் இருக்கும் கனகம்மாசத்திரத்தைச் சுற்றிய நிலத்தில் அதற்கான விடைகளும் உண்டு.

சைவ சித்தாந்தம் சினத்தின் வேரை ஆணவத்தில் காண்கிறது. ஆணவம் என்றால் திமிர் என்று பேச்சுவழக்கில் பொருள் கொள்கிறார்கள். சித்தாந்தம் சொல்வது அதற்கு ஏறக்குறைய நேர்மாறானது. எங்கும் விரியும் இயல்புள்ள உயிரை அணுவளவாகச் சுருக்கிக் காட்டும் இருளே ஆணவ மலம். தான் சிறியவன் என்ற மயக்கமே முதல் நோய். திமிர் அதன் மேல் போர்த்திய போர்வை. இதை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய மாணவர் பேச்சில் அடிக்கடி விழும் 'கெத்து' என்ற சொல்லைக் கேட்க வேண்டும். கெத்து காட்டுவதற்கு எப்போதும் பார்க்க ஆள் வேண்டும், படம் பிடிக்கக் கைபேசி வேண்டும். உள்ளே நிறைந்திருப்பவனுக்கு அது தேவைப்படாது. 'ஏன்டா மொறைக்கிற' என்று தொடங்கும் சண்டைகள் எல்லாம் ஒரு பார்வையில் தன்னைச் சிறுத்துப்போனவனாகக் கண்டவனின் சண்டைகள்தான்.

ஆனால் பிள்ளைகள் தாமாகவே சிறுத்துப்போவதில்லை. சிறுமைப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மதிப்பெண் அட்டையில் எழுதும் குறிப்பு, வகுப்பின் முன்னால் நிறுத்திச் சொல்லும் ஒரு வார்த்தை, வீட்டில் அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் பேச்சு எல்லாம் அந்த வேலையைச் செய்கின்றன. சாதி அதை முறையாகவும் பரம்பரையாகவும் செய்கிறது. மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு, தன்னைப் பெரியவன் என்று எண்ணிக்கொள்ள ஒரு பிள்ளைக்குச் சாதி தரும் மலிவான வழி; அந்தப் பெருமை நிலைக்க இன்னொரு பிள்ளை தாழ்ந்திருக்க வேண்டும். நாங்குநேரியில் வெட்டுப்பட்டவர் செய்த குற்றம், தன்னைத் துன்புறுத்தியவர்கள் மேல் பள்ளியில் புகார் சொன்னது. அவர் நன்றாகப் படித்ததும் நிமிர்ந்து பேசியதுமே அவர்களைச் சிறியவர்களாக்கிவிட்டதாக அவர்களுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருந்தார்கள். பதினேழு வயதுப் பையன் அதைத் தானே கண்டுபிடிக்கவில்லை.

திருக்குறளில் வெகுளாமை 31ஆம் அதிகாரம். வாய்மைக்குப் பின்னும் இன்னா செய்யாமைக்கு முன்னும் வள்ளுவர் அதை வைத்திருக்கிறார். தன் கோபம் பலிக்கும் இடத்தில் அதைக் காப்பவனே சினம் காப்பவன் என்பது அங்கே வரும் கருத்து. பலிக்காத இடத்தில் எல்லோரும் அடங்கித்தான் இருப்பார்கள். ஆசிரியரின் கோபம் மாணவனிடம் பலிக்கும், அப்பாவின் கோபம் பிள்ளையிடம் பலிக்கும், மேல்சாதிக்காரனின் கோபம் தெருவில் பலிக்கும். இப்படிப் பலித்துப் பலித்துக் கீழே இறங்கிவந்த கோபம், கடைசியில் இருக்கும் பிள்ளையிடம் வந்து தேங்குகிறது. அவன் அதை எங்கே பலிக்க வைப்பான்? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல்ரீதியான தண்டனையையும் மனத்துன்பம் தருவதையும் தடைசெய்தது. பிரம்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது, நாக்கு மறையவில்லை. ஆசிரியர் தினத்துக்குக் காரணமான ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்தது இதே திருத்தணியில்தான். ஆசிரியருக்கு மாலை போடும் நாள் இந்த ஊரில் தொடங்குகிறது என்றால், ஆசிரியரின் சொல் எவ்வளவு தூரம் போகும் என்ற கவலையும் இங்கிருந்தே தொடங்கலாம். கொலைக்கு இது நியாயம் ஆகாது. பாரிமுனையில் இறந்தவர் தன் வேலையைச் செய்த ஓர் ஆசிரியை; எந்தக் காரணமும் அந்தக் கத்திக்கு ஈடாகாது.

சமணம் சினத்தை நான்கு கோடுகளாகப் பிரித்துப் பார்த்தது. நீரில் இட்ட கோடு, மணலில் இட்ட கோடு, மண்ணில் விழுந்த வெடிப்பு, கல்லில் வெட்டிய கோடு. எல்லாருக்கும் கோபம் வரும். எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதே உயிரின் நிலையைக் காட்டுகிறது. இந்தப் பகுப்பு நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்துகிறது. பள்ளித் தாக்குதல்களைத் திடீர் ஆவேசம் என்று சொல்லுவது வழக்கம். உண்மையில் அரிவாள் புத்தகப் பைக்குள் தானாக வருவதில்லை. முந்தைய இரவே அதை எடுக்க வேண்டும், அம்மா பார்க்காத நேரத்தில் நோட்டுக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் நடுவில் பதுக்க வேண்டும், பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும். நீர்க்கோடு கல்கோடாக மாறிய நேரம் அது. அமெரிக்க ரகசியச் சேவைத் துறையும் கல்வித் துறையும் 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட அறிக்கையும் இதையே காட்டியது. ஐந்தில் நான்கு தாக்குதல்களில் வேறொருவருக்காவது முன்பே விஷயம் தெரிந்திருந்தது. அவர்களில் மிகப் பலர் கூடப் படித்தவர்கள். தாக்கியவர்களில் பெரும்பாலோர் தாங்கள் சீண்டப்பட்டவர்கள், துன்புறுத்தப்பட்டவர்கள் என்ற எண்ணத்தில் இருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் துப்பாக்கியை எடுத்தது சொந்த வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ.

கருவியைப் பற்றிச் சமணத்துக்குத் தனி விதி உண்டு. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும் அதைத் தமிழில் தந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்குச் சொல்லும் விரதங்களில் ஒன்று, பயனில்லாத தீங்குகளை விலக்குவது. அவற்றில் ஒன்று கொலைக்கருவியைப் பிறர் கையில் கொடுப்பது. இன்னொன்று மனத்தைக் கலக்கும் கதைகளைக் கேட்பது. மூன்றாவது, பிறர் கெட வேண்டும் என்று உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருப்பது. வாளைப் பிடித்தவன் மட்டுமல்ல, வாளை எட்டும் இடத்தில் வைத்தவனும் வினையில் பங்காளி என்பது இதன் உட்பொருள். ஆயுதச் சட்டத்துக்கு இதைவிட நல்ல அற விளக்கம் கிடைப்பது கடினம்.

2012 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் துப்பாக்கியோடு நுழைந்தவன் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்றான். அதே நாளில் சீனாவின் ஹெனான் மாகாணத்துக் கிராமப் பள்ளியில் ஒருவன் கத்தியோடு நுழைந்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளை வெட்டினான். ஒரு குழந்தைகூட இறக்கவில்லை. இருவர் மனத்திலும் இருந்த நெருப்பு ஒன்றாகவே இருந்திருக்கலாம். பிணங்களின் எண்ணிக்கையைக் கருவி தீர்மானித்தது. ஸ்காட்லாந்தின் டன்பிளேனில் 1996இல் 16 குழந்தைகளும் ஆசிரியையும் கொல்லப்பட்ட மறு ஆண்டே பிரிட்டன் கைத்துப்பாக்கியைத் தடைசெய்தது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் உரிமமுறை துப்பாக்கியைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்திருக்கிறது. 2007 டிசம்பரில் குர்கான் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவன் சுட்டுக்கொல்லப்பட்டபோது, அந்தத் துப்பாக்கி ஒரு மாணவனின் தந்தையுடையது. சட்டம் கொடுத்த உரிமம் வீட்டு அலமாரியில் தோற்றது. அரிவாளுக்கு உரிமம் கேட்க முடியாது. தேங்காய் வெட்டவும் தழை அறுக்கவும் அது எல்லா வீட்டிலும் வேண்டும். ஆகவே தமிழ்நாட்டில் கருவியை விலக்கும் விரதம் அரசைவிடக் குடும்பத்தின் மேல் கூடுதலாக விழுகிறது. அரிவாளோடு நிற்கும் படத்தை மகன் கைபேசியில் வைத்திருப்பதைக் கண்டு சிரித்துவிட்டுப் போகிற தகப்பன், அருங்கலச்செப்பின் கணக்கில் சும்மா இருந்தவன் ஆகமாட்டான்.

பிள்ளை செய்த வினைக்குப் பொறுப்பு யார் என்பதில் மகாபாரதத்தின் மாண்டவியர் கதை கூர்மையானது. கள்வர் என்று தவறாக எண்ணி அரசன் அவரைக் கழுவில் ஏற்றினான். தனக்கு ஏன் இந்தத் துன்பம் என்று தருமதேவனிடம் கேட்டபோது, சிறுவயதில் பூச்சிகளைப் புல்லால் குத்தியதன் பலன் என்று பதில் வந்தது. அறியாத வயதுச் செயலுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று வெகுண்ட முனிவர், தருமனையே மண்ணில் மனிதனாகப் பிறக்கச் சபித்தார், பிறந்தவன் விதுரன். பதினான்கு வயதுவரை செய்வது பாவமாகாது என்று ஒரு வரம்பையும் அன்று வகுத்தார். தண்டனை வழங்கும் தெய்வமே தண்டனை பெறுவதாகச் சொன்ன சமூகம், பிள்ளைமையை எவ்வளவு கவனத்தோடு எடைபோட்டிருக்கிறது என்பது இதில் தெரிகிறது. இன்றைய சட்டமும் இதே தயக்கத்தைச் சுமக்கிறது. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் செயல் குற்றமாகாது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குள் கொடுங்குற்றம் செய்தவரைப் பெரியவராக விசாரிக்கலாமா என்று முதலில் வாரியம் ஆராய வேண்டும் என்கிறது. எந்தச் சிறாருக்கும் மரணதண்டனை இல்லை. ஒவ்வொரு சம்பவத்துக்குப் பின்னும் 'இவனைத் தூக்கில் போட வேண்டும்' என்று எழும் குரல், இறந்தவர் வீட்டின் துக்கத்திலிருந்து வந்தால் புரிந்துகொள்ளலாம். தூரத்திலிருந்து பார்ப்பவர்களிடமிருந்து வரும்போது அதுவும் அதே சினத்தின் இன்னொரு பலிப்புதான்.

தணித்தல் என்ற சொல்லை இனி எடுத்துக்கொள்ளலாம். சூரபன்மனோடு போர் முடித்து முருகன் சினம் தணிந்த இடம் என்பது தணிகை மலைக்குச் சொல்லப்படும் பெயர்க்காரணம். அதனாலேயே மற்ற முருகன் தலங்களில் கந்தசஷ்டியில் சூரசம்ஹாரம் நடக்கும்போது திருத்தணியில் அது நடப்பதில்லை. அன்று இங்கே முருகனுக்குப் பூக்களால் அருச்சனை. அடக்குதல் வேறு, தணிதல் வேறு. அடக்கியது உள்ளேயே இருக்கும், மூடிய பாத்திரத்து நீராவிபோல. தணிந்தது சூடு இறங்கிவிடும். சூரனும் அழிக்கப்படவில்லை, சேவலும் மயிலுமாகிக் கொடியிலும் காலடியிலும் இடம் பெற்றான். பகைவனுக்கு ஓர் இடம் கொடுத்த பிறகே பகை முடிகிறது என்று கந்தபுராணம் நினைக்கிறது.

கனகம்மாசத்திரத்திலிருந்து எட்டும் தூரத்தில் திருவாலங்காடு. அதன் பக்கத்தில் பழையனூர். பழையனூர் நீலியின் கதை பிறவி தாண்டிய பழிவாங்கலின் கதை. கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகி, மறுபிறவியில் வணிகனாக வந்தவனைப் பழிதீர்த்தாள். அவனுக்குப் பொறுப்பேற்ற எழுபது வேளாளர் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள். ஒருத்திக்கு இழைத்த அநீதி கேட்பாரற்றுப் போனால் அதன் கணக்கை அப்பாவிகள் எழுபது பேர் கட்ட வேண்டியிருக்கிறது. அதே நீலியைச் சமணர்கள் நீலகேசி காப்பியத்தில் வேறு வழியில் அழைத்துப் போனார்கள். முனிவர் ஒருவரை அச்சுறுத்த வந்தவள் அவர் அசையாததைக் கண்டு மாணவியாகிறாள். பிறகு ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர் என்று எல்லாரோடும் வாதம் செய்கிறாள். பழிவாங்கும் பேய்க்கு வாதம் செய்யும் வாய் கிடைத்தது. இந்த நிலத்தின் கதைகளில் சினத்தைப் பற்றி இதைவிட ஆழமாகச் சொன்னது வேறொன்று இல்லை.

பள்ளியில் அந்த வாய் எங்கே கிடைக்கும்? நாங்குநேரிக்குப் பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறுகளையும் அடையாளங்களையும் நீக்குதல், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுத்தல், அகர வரிசையில் மாணவரை உட்காரவைத்தல், வாரம் ஒரு அறநெறி வகுப்பு, ஐந்நூறு பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நலன் அலுவலர் என்று பல பரிந்துரைகள் அதில் இருந்தன. நெற்றிக்குறி பற்றிய வரி சமய அடையாளத்தில் தலையிடுவதாக எதிர்ப்பைக் கிளப்பியது. நெற்றிக்குறி இறைவனை நினைக்க வைத்தால் அதற்கு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. பக்கத்து பெஞ்சுப் பிள்ளையை அளக்கும் அளவுகோலாக அது மாறிவிட்டதா என்பதைச் சமயத்தாரே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பரிந்துரைகளில் மிக எளியது அகர வரிசை. ஒரே சாதிப் பையன்கள் கூடி உட்கார்ந்த கடைசி பெஞ்சு அதில் கலைந்துவிடும்.

நலன் அலுவலர், ஆலோசகர், 1098, 14417 என்ற உதவி எண்கள் எல்லாம் காது கொடுப்பதற்கான ஏற்பாடுகள். கூடப் படிக்கும் பிள்ளைகளுக்குத்தான் முதலில் தெரியவரும் என்பதால், சொல்வது காட்டிக்கொடுப்பதல்ல என்று அவர்கள் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை, சொன்ன பிள்ளைக்கு அதன் பிறகு என்ன நேர்ந்தது என்பதைப் பார்த்தே வளரும். நாங்குநேரி மாணவர் சொன்னார். கேட்டுக்கொள்ளப்பட்டது. அன்றிரவே அரிவாள் வந்தது. புகாருக்கும் இருட்டுக்கும் நடுவே சில மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தில் புகார் சொன்ன பிள்ளையை வீட்டில் கொண்டுபோய் விட ஒருவர், காவல் நிலையத்துக்கு ஒரு தகவல், குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைகளின் வீட்டுக் கதவைத் தட்டிப் பேச ஊரில் மதிப்புள்ள இரண்டு பெரியவர்கள் என்று ஒவ்வொரு பள்ளியும் முன்பே எழுதிவைத்திருக்க வேண்டியது இந்த மூன்றுதான்.