படகுக்கு நாம் பட்ட கடன்

காஸ்வே நெரிசலில் மணிக்கணக்கா நின்ற அனுபவம் ஜொகூர்க்காரங்க எல்லாருக்கும் இருக்கும். ஆனா ஒரு காலத்தில் அதே காஸ்வேயில், ஒரு சின்னப் படகு கடந்து போறதுக்காக ரயிலும் காரும் நிற்க வேண்டிய ஏற்பாடு இருந்தது தெரியுமா?

காஸ்வே உண்மையில் பாலம் இல்லை. கடலில் கருங்கல்லைக் கொட்டி எழுப்பிய 1,056 மீட்டர் நீள அணை. 1919-இல் வேலை தொடங்கி, 1924 ஜூன் 28-இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. ரயிலுக்கும் சாலைக்கும் வழி பிறந்தது. ஆனால் நீரிணை இரண்டாகத் துண்டிக்கப்பட்டது. கிழக்கிலிருந்து மேற்கே போகும் படகுகள் இனி சிங்கப்பூர்த் தீவையே சுற்றி வரவேண்டும்.

அதை யோசித்த பொறியாளர்கள் ஜொகூர் முனையில் ஒரு 'லாக்' கட்டினார்கள். 170 அடி நீளம், 32 அடி அகலம். இங்கிலாந்தின் பழைய கால்வாய்களில் பயன்பட்ட அதே முறைதான். அணையின் இரு பக்கமும் நீர்மட்டம் வேறுபடும். படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, தண்ணீரை எதிர்ப்பக்க மட்டத்துக்குக் கொண்டுவந்து, பிறகு முன்கதவைத் திறப்பார்கள். மேலே இருந்த சாலையும் தண்டவாளமும் தூக்குபாலத்தில் போயின. படகு வந்தால் பாலம் தூக்கப்படும்.

1942 ஜனவரி 31-இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை காஸ்வேயை வெடிவைத்துத் தகர்த்தது. தூக்குபாலமும் போச்சு. போருக்குப் பிறகு ரயில் பாதை சரியானது, சாலை சரியானது. லாக் மட்டும் திரும்பக் கட்டப்படவே இல்லை.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. உடைந்ததைச் சரிசெய்யும்போது, எல்லாருடைய வழியையும் சரிசெய்ய வேண்டுமா? பெரும்பாலானோர் வழியை மட்டும் செய்தால் போதுமா?

"சில படகுகளுக்காக இத்தனை செலவு எதுக்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காசும் நேரமும் அளவோடுதான் கிடைக்கும். இன்றைய நெரிசலில் தூக்குபாலம் வைத்தால் என்னாகும் என்று நினைத்தாலே பயமா இருக்கு! பழையபடியே கட்டியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் எண்ணிக்கை மட்டுமே பதிலாகாது. படகுக்கு வழி விடுவது தானம் இல்லை, கடன். படகுக்காரர்தான் அங்கே முதலில் போய்க்கொண்டிருந்தார். வழியை அடைத்தது நாம். தேவர், ரிஷி, பித்ருக்கள் என்று மூன்று கடன்களை நாம் கேள்விப்பட்டிருப்போம். சதபத பிராமணம் நாலாவதாக, சக மனிதர்களுக்கும் நாம் கடனோடுதான் பிறக்கிறோம் என்கிறது. கொடுக்க வேண்டியவர் ஒருத்தர்தான் என்பதால் கடன் தள்ளுபடி ஆகுமா? அதே வழியில் அடைக்க முடியாவிட்டால், வேறு வழியிலாவது அடைக்கணும். குறைந்தபட்சம், "உங்களுக்கு என்ன செய்யலாம்?" என்று அவரைக் கேட்கணும்.

இது படகோடு முடியவில்லை. கோயில் திருப்பணியில் பழைய சாய்தளத்தை எடுத்துவிட்டு அழகான கருங்கல் படி வைத்தால், சக்கர நாற்காலியில் வரும் பாட்டி எப்படி உள்ளே வருவார்? பதிவை எல்லாம் போனுக்கு மாற்றிவிட்டால், ஸ்மார்ட்போன் இல்லாத மாமா எங்கே போவார்? யாரும் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்வதில்லை. அவசரத்தில், பெரும்பாலானோருக்குச் சரியாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். விடுபட்டவர் சத்தம் போடமாட்டார். வருவதை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். அதனால் பிரச்சினை இருப்பதே நமக்குத் தெரியாது.

நண்பர்களே, நாளைக்கு நம்மில் பலர் பொறியாளர்களாக, நிர்வாகிகளாக, ஆலயக் குழுவில் பொறுப்பாளர்களாக இருப்போம். ஒவ்வொரு திட்டத்தையும் முடிவு செய்யும் முன் ஒரு கேள்வி கேட்போம்: இதனால் யாருடைய வழி அடைபடுகிறது? பதில் கிடைத்தால், அவருக்கும் ஒரு வழி செய்துவிட்டு மேலே போவோம். கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை. அதுவும் தர்மம்தான்.