புதியோரை மலைக்கு அழைத்துச் செல்வார் கடன்

மலையேறிப் பழகாத ஒருவன் உயர்ந்த மலையொன்றில் ஏறத் துணிதல் தகுமோ தகாதோ என்று வினாவுவார்க்கு, அவன் தனியே ஏறுகின்றானா, பிறரை உடன்கொண்டு ஏறுகின்றானா என்பதை முன்னர்க் கேட்டறிந்த பின்னரே விடை கூறுதல் வேண்டும். இரண்டும் ஒரே செயல்போலத் தோன்றும். அறநோக்கில் அவை வெவ்வேறாம். தன் உடம்பைத் தான் வருத்திக்கொள்பவன் தன் பொருளையே செலவிடுகின்றான். சிறுவர் பத்துப்பேரை அழைத்துக்கொண்டு ஏறும் உபாத்தியாயரோ பிறர் அடைக்கலமாகத் தந்த பொருளைக் கையிற் கொண்டு போகின்றார்.

மார்கழி மாதத்து உந்துவப் போயா தொடங்கி வைகாசிப் போயா வரையும் சிவனொளிபாதமலைக்கு யாத்திரை நிகழ்கின்றது. இரத்தினபுரி மாவட்டத்திலே, கலவான முதலிய இடங்களிலுள்ள பாடசாலைகளின் ஆசிரியர் சிலர், மாணாக்கரை அம்மலைக்கு அழைத்துச் செல்லும் விருப்பமுடையராயிருக்கின்றனர். விருப்பம் நல்லதே. ஆயின், "நம் பிள்ளைகள் கொழுந்துக்கூடை சுமந்து மேடேறும் தாய்மார் வயிற்றுப் பிள்ளைகள், அட்டைக்கும் மழைக்கும் அஞ்சாதவர்கள், அவர்களுக்கு மலை ஒரு பொருட்டோ?" என்று அவர் கூறும்பொழுது நாம் உடன்படுதற்கில்லை. சிங்கராசவனத்தின் அயலிலே வளர்ந்த பிள்ளைக்குக் காடு பழக்கம், மழை பழக்கம். குளிர் பழக்கமன்று.

மலையின் உயரம் 2243 மீற்றர், அதாவது 7359 அடி. கிலிமலே, பலாபத்தல வழியாகச் செல்லும் இரத்தினபுரிப் பாதை ஏனைய பாதைகளினும் நீண்டது. பலாபத்தலவிலிருந்தே ஆயிரத்தைந்நூறு மீற்றருக்கு மேல் ஏறுதல் வேண்டும். ஆயிரம் மீற்றர் ஏற ஏறத்தாழ ஆறு பாகை வெப்பம் குறையும் என்பது பூமிசாத்திரம் படித்தார் அறிந்ததே. தாழ்நிலத்து வெம்மையிலே புறப்பட்டு, வியர்வையில் நனைந்த ஒற்றைச் சட்டையோடு நள்ளிரவிற் சிகரத்தை அடைந்த சிறுவன், சூரியோதயம் காணும்பொருட்டு அங்கே பல நாழிகை அசையாது காத்திருக்கின்றான். ஏறும்போது நடையினாற் பிறந்த சூடு நிற்கும்போது இல்லையாகின்றது. ஈரத்துணியும் காற்றும் எஞ்சிய சூட்டையும் கவர்ந்துகொள்கின்றன. பத்துப் பாகைக்குக் கீழே குளிர் இறங்கும் இரவுகளும் உண்டு. பெரும்பாலும் பிள்ளைகளுக்குத் தீங்கு நேர்வது ஏற்றத்திலன்று. இக்காத்திருப்பிலும், பின்பு தளர்ந்த முழங்கால்களோடு படியிறங்கும் இறக்கத்திலுமேயாம். இதனைச் சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு மாற்றுச் சட்டையின் விலைக்கு மேல் யாதும் வேண்டுவதில்லை.

இனி, ஒரு பிள்ளை பாதிவழியிலே தளர்ந்து நின்றுவிட்டால் என்செய்வது? இதுவே இக்கட்டுரையில் நாம் ஆராயப்புகுந்த வினா.

"நேர்ந்துகொண்ட யாத்திரையை இடையில் நிறுத்துதல் வழு, திருநாவுக்கரசு நாயனார் திரும்பினாரா?" என்பாருமுளர். இவ்வினா எளிதில் ஒதுக்கற்பாலதன்று. கயிலையை நோக்கிச் சென்ற நாயனார் கால் தேயக் கையாலும், கை தேய மார்பாலும், அதுவும் இயலாதபோது புரண்டும் சென்றார் என்றும், முனிவர் வடிவில் வந்து திரும்புக என்ற இறைவனுக்கும் இணங்கிலர் என்றும் பெரியபுராணம் கூறுகின்றது. ஆயினும் அச்சரித்திரத்தில் நாம் பெரும்பாலும் கவனியாது செல்லும் செய்தி ஒன்றுண்டு. உடன்வந்த அடியார்களைக் காசியிலே நிறுத்திவிட்டுத் தனியாகவே அவர் மேற்சென்றார். தேய்ந்தது அவர் உடம்பு; பிறர் உடம்பன்று. அன்றியும், அவர் அம்மலையை அடைந்தாரல்லர். பொய்கையொன்றில் மூழ்கித் திருவையாற்றிலே எழுந்து, அங்கேயே கயிலைக்காட்சி பெற்றார். சிகரத்தை மிதித்தாலன்றி அருள் இல்லை என்பார் இதற்கு என்ன சமாதானம் கூறுவாரோ அறியோம்.

நாம் மிசன் பாடசாலையிற் பயின்ற நாளில் லோங்பெல்லோ என்னும் அமெரிக்கப் புலவர் 1841-ம் ஆண்டில் எழுதிய 'எக்செல்சியோர்' என்னும் பாட்டை மனனம் பண்ணுவித்தார்கள். கொடியொன்றை ஏந்திய இளைஞன், முதியோன் தடுத்தும் கேளாமல், பனிமலையில் மேன்மேலே சென்று இறக்கின்றான். வகுப்பு முழுவதும் அவனை வியந்தோம். அவனைத் தடுத்த முதியோனைப்பற்றி ஒரு வினாவேனும் ஆசிரியர் வினாவினாரல்லர். பனியில்லாத நாட்டுப் பிள்ளைகளுக்கு அம்முதியோனே வேண்டற்பாலன் என்பது இப்போது நமது கருத்து.

சிங்கள யாத்திரிகரிடத்து இவ்விடயத்தில் நாம் கற்கத்தக்க வழக்கமொன்று உண்டு. முதன்முறை ஏறுபவரை அவர்கள் 'கோடு' என்று தனியாகப் பெயரிட்டு வழங்குவர். பலமுறை ஏறி வழியறிந்த ஒருவர் 'நடே குரா' என்னும் பெயரோடு கூட்டத்துக்குத் தலைவராவர். சிகரத்திலுள்ள மணியையும் தாம் ஏறிய முறையெத்தனையோ அத்தனை முறையே அடிப்பர். புதியவன் தன்னைப் புதியவன் என்று கூற நாணாதிருக்கும்படி அம்மரபு செய்கின்றது. நம் பிள்ளைகளோ "இயலாது" என்று சொல்ல வெட்கி, உதடு நீலம்பாரித்த பின்னும் வாய்திறவார். பாதையில் நீலிஹெல என்னும் செங்குத்தான இடத்தில், விழுந்து மாண்ட நீலி என்பவள் பேரைச் சொல்லிக் கூவி எதிரொலி கேட்பது பழைய வழக்கம். கேட்டு மகிழும் சிறுவருக்கு, அப்பேர் உரியவளும் அவ்வழி நடந்தவளே என்பதையும் சொல்லிவைத்தல் நன்று.

தன் வலிமையினாலே ஏறினேன் என்று எவனும் சொல்லுதற்கும் இடமில்லை. 1055 முதல் 1110 வரை அரசாண்ட முதலாம் விசயபாகு, யாத்திரிகருக்கு உணவும் தங்குமிடமும் கிடைக்குமாறு கிராமங்களை மானியமாக விட்டான் என்று அம்பகமுவச் சாசனம் கூறும். 1344-ல் ஏறிய இபின் பதூதா என்னும் மூர் யாத்திரிகர், முன்னோர் பாறையிற் பொருத்திய இரும்புச் சங்கிலிகளைப் பற்றி ஏறியதை எழுதிவைத்தார். சங்கிலியைப் பொருத்தினவன் பெயர் தெரியாது. பற்றினவன் பெயர் உலகறியும்.

பிறநாட்டு மலைகளிலும் நீதி இதுவே. கிளிமஞ்சாரோ 5895 மீற்றர்; போர்ணியோத் தீவின் கினபாலு 4095 மீற்றர். இரண்டிலும் வழிகாட்டியின்றி ஏற அனுமதியில்லை. ஏறத்தாழ 2500 மீற்றருக்கு மேலே காற்றின் மென்மையால் தலைநோவும் ஓக்காளமும் உண்டாகலாம்; நோய் முற்றினாற் கீழே இறக்குவதே முதல் மருந்து. இளமையும் உடல்வலியும் அதற்குத் தடையல்ல. நமது மலை அவ்வெல்லைக்குட்பட்டதாதலின் அந்நோய்க்கு அஞ்சவேண்டுவதில்லை. திரும்பத் தெரிதல் வேண்டும் என்னும் விதி மாத்திரம் இங்கும் ஒன்றே. 2015-ம் ஆண்டு ஆனிமாதம் 5-ந் திகதி கினபாலுவில் நிலநடுக்கம் உண்டாகப் பதினெண்மர் இறந்தனர். அவருட் சிங்கப்பூர்ப் பாடசாலைச் சிறுவரும், உடன்சென்ற ஆசிரியரும், மலைவழிகாட்டிகளும் இருந்தனர். தப்பிய வழிகாட்டிகள் காயமுற்றோரை முதுகிற் சுமந்து இறக்கினர். இதில் ஆசிரியரைக் குறைகூறுவார் யார்? பூமி நடுங்குவதைத் தடுத்தல் எவர்க்கும் கடனன்று. பிறன் பிள்ளையின் மூச்சைத் தன் நேர்த்திக்குச் செலவிடாதிருத்தலே கடன்.

ஆதலின், தளர்ந்த பிள்ளையைத் திருப்புதல் வழுவன்று என்று துணிகின்றோம். ஆயினும் அத்துணிவினால் ஒரு சங்கடம் பிறக்கின்றது. ஹெரமிட்டிபானவிலே ஒரு பிள்ளை நின்றுவிட்டால் உடன்நிற்பவர் யார்? வழியறிந்த மூத்தவர் நின்றால், மேற்செல்வோர் அறியாதவர் கையிற் போகின்றனர். இளையவர் நின்றால், நோயுற்ற பிள்ளை அறியாதவர் கையிலாகின்றது. மூத்தவரே நிற்கக்கடவர் என்பது நமது எண்ணம். நின்ற பிள்ளைக்கு ஆபத்து முன்னரே தொடங்கிவிட்டது. ஏனையோர்க்கு இன்னும் தொடங்கவில்லை. அவர்களையும் இளையவரோடு மேலே விடுவதா, அங்கேயே இருத்துவதா என்பதைக் காற்றையும் மழையையும் பார்த்து அம்மூத்தவரே தீர்மானிப்பாராக. வழியறிந்தவர் ஒருவரே உளராயின், கூட்டம் முழுவதும் திரும்புதல் வேண்டும். இதனைப் புறப்படுமுன்னரே பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியச் சொல்லிவைப்பின், நின்ற பிள்ளையை நோக்கி "உன்னாலன்றோ தரிசனம் தவறிற்று" என்று பின்னர் எவரும் சொல்லமாட்டார்.