விரித்து வைத்த கடிதம்

கி.மு. 701. அசீரிய மன்னன் சனகெரிப் யூதா நாட்டின் அரணான பட்டணங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வருகிறான். 46 பட்டணங்கள் என்று அவனே களிமண் பட்டயத்தில் எழுதிவைத்திருக்கிறான். தலைநகரான எருசலேம் மட்டும் விழவில்லை. அங்கே ராஜா எசேக்கியா.

ஜெபம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று நினைப்பவர்கள் இந்த ராஜா செய்த வேலைகளைக் கொஞ்சம் பார்க்கலாம். இடிந்த மதிலைக் கட்டினான். கீகோன் ஊற்றின் தண்ணீர் பகைவனுக்குக் கிடைக்காமல் ஊருக்குள் வர, பாறையைக் குடைந்து வழி செய்தான். அவனுடையது என்று சொல்லப்படும் அந்தச் சுரங்கம் சுமார் 533 மீட்டர். இன்றும் தண்ணீரில் நடந்தே அதைக் கடக்கலாம். பிறகு சமாதானம் பேசிப் பார்த்தான். 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கப்பம். அதற்காக ஆலயக் கதவுகளின் பொன்தகட்டையும் உரிக்க வேண்டியதாயிற்று. அப்படியும் படை வந்து நின்றது. மதிலின்மேல் இருந்த சாதாரண ஜனங்களுக்கும் விளங்கட்டும் என்று, தளபதி ரப்சாக்கே அவர்கள் பாஷையிலேயே மிரட்டினான்.

அப்போது எசேக்கியா இரட்டு உடுத்தி ஆலயத்துக்குப் போனான். எங்களுக்காக நீர் ஜெபம் பண்ணும் என்று ஏசாயா தீர்க்கதரிசிக்கு ஆள் அனுப்பினான். பயப்படாதே என்ற பதிலும் வந்தது. ஆனால் மறுபடியும் ஒரு மிரட்டல், இந்த முறை கடிதமாக. இப்போது அவன் யாரையும் அனுப்பவில்லை. கடிதத்தை வாசித்தான், ஆலயத்துக்கு எடுத்துப்போனான், கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தான்.

இரண்டாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் அந்த ஜெபம் ஐந்தே வசனம். அதில் எங்களைக் காப்பாற்றும் என்ற விண்ணப்பம் கடைசி வசனத்தில்தான் வருகிறது. அதற்கு முன் அவன் சொல்வதில் ஒன்று என்னை எப்போதும் நிறுத்தும்: அசீரியர் தேசங்களைப் பாழாக்கியது மெய்தான் என்று கடவுளிடமே ஒத்துக்கொள்கிறான். எதிரியின் கடிதத்தில் இருந்ததும் அதுதானே! 'எல்லாம் சரியாகிவிடும்' என்று வாய் ஓயாமல் சொல்வதை விசுவாசம் என்று பலர் நினைக்கிறோம். எசேக்கியா நிலவரத்தைக் குறைத்துச் சொல்லவே இல்லை. கெட்ட செய்தியை அப்படியே கொண்டுபோய் வைக்கும் அளவுக்கு அவனுக்குக் கடவுளிடம் உரிமை இருந்தது.

எருசலேம் பிழைத்தது. ஒரே இரவில் அசீரியப் பாளயத்தில் பெருஞ்சாவு விழுந்தது என்கிறது வேதாகமம். சனகெரிப்பின் பட்டயமோ எசேக்கியாவை ஊருக்குள்ளே அடைத்ததாகப் பெருமை பேசுகிறது. ஊரைப் பிடித்ததாகச் சொல்லவில்லை.

ஆனால் யூதாவின் இன்னொரு பட்டணமான லாகீஸ் தப்பவில்லை. அது விழுந்ததையும், ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நாடுகடத்தப்பட்டதையும் சனகெரிப் தன் நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கிவைத்தான். அந்தக் கற்பலகைகள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. லாகீசிலும் ஜெபித்திருப்பார்கள். ஜெபித்தால் ஊர் தப்பும் என்று இந்த அதிகாரத்தைச் சூத்திரமாக்கிப் பிரசங்கிப்பவர்கள் அந்தக் கற்பலகைகளுக்கும் பதில் சொல்லியாகவேண்டும்.